சமைத்தால் உணவு நஞ்சாகுமா? பழுப்பு, கருகல், குடல், நோய் எதிர்ப்பு

1. முயல்குட்டி

ஆறு வாரமாக நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. காய், பழம், ஊறவைத்த கொட்டைகள், முளைகட்டிய பயறு, அவ்வளவுதான் சாப்பாடு. எல்லாம் அக்கா அனுப்பிய ஒரு காணொளியால் வந்தது. சூடு பட்டதும் உணவில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டு நஞ்சாகிவிடுமாம், அது குடல் சுவரைச் சல்லடையாக்குமாம், அப்புறம் அங்கே இருக்கும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் வெறிபிடித்து நம் உடம்பையே தாக்குமாம். ஒருவர் அடித்துப் பேசினார். எனக்கு ஏற்கெனவே மூட்டுவலி, அடிக்கடி வாய்ப்புண், அதனால் பயம் பிடித்துக்கொண்டது.

முதல் வாரம் உடம்பு லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இப்போது வயிறு மத்தளம் மாதிரி உப்பிக் கிடக்கிறது, இரண்டு தடவை ராத்திரியில் வாந்தி வேறு. "நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்" என்கிறாள் அக்கா. அந்தக் காணொளியில் சொன்னதில் எவ்வளவு உண்மை? வேகவைத்ததும் பொரித்ததும் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. ஆய்வக எலி

உணவு வேதியியலில் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். மருத்துவன் இல்லை, அதனால் உங்கள் மூட்டுவலி பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். ராத்திரி வாந்திக்கு மருத்துவரைப் பாருங்கள். நச்சு வெளியேறுகிறது என்பதெல்லாம் கதை.

புரதமும் சர்க்கரையும் ஒட்டுவது உண்மை. 1912இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது அது. நாம் இங்கே எழுத்தைப் பார்த்து மெயிலார்ட் வினை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரொட்டி மேலோடு பழுப்பாவது, வறுத்த காபிக்கொட்டை மணப்பது, இறைச்சியின் வெளிப்பக்கம் சிவந்து முறுகுவது எல்லாம் இதன் வேலைதான். முதலில் சர்க்கரை போய் லைசின் மாதிரியான ஓர் அமினோ அமிலத்தில் உட்காரும், கிடைப்பது ஃபிரக்டோசைல் லைசின். சூடு தொடர்ந்தால் அது உடைந்து மெத்தில் கிளையாக்சால் போன்ற துடுக்கான சிறு மூலக்கூறுகள் வரும், அவை கையில் கிடைத்த புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் சி.எம்.எல். போன்ற, எளிதில் பிரியாத சேர்மங்கள். இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு ஏ.ஜி.இ. என்று பெயர். உங்கள் காணொளிக்காரர் சொல்லும் "நஞ்சு" இதுவாகத்தான் இருக்கும்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. இதே வினை உங்கள் உடம்புக்குள் அடுப்பில்லாமலே நடக்கிறது. நீரிழிவுக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை எதை அளக்கிறது? இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான். பச்சையாகத் தின்றால் இந்த வினையிலிருந்து தப்பிவிடலாம் என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

3. சும்மா வந்தேன்

நெருப்பு கண்ட காலத்திலிருந்து மனிதன் சுட்டுத்தான் தின்கிறான். அத்தனை பேருக்கும் குடல் சல்லடையாகியிருந்தால் நாம் இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டோம். விஷயம் முடிந்தது, போய் ஏதாவது சூடாகச் சாப்பிடுங்கள் தங்கச்சி.

4. ஆய்வக எலி

முடியவில்லை ஐயா. பிள்ளை பெற்று வளர்க்கும் வயதுவரை ஆளைக் கொல்லாத எதையும் பரிணாமம் கண்டுகொள்ளாது. அறுபது வயதில் வரும் குடல் புற்றுநோயைப் பற்றி அதற்குக் கவலையில்லை. "முன்னோர் தின்றார்கள்" என்பதை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியாது, பச்சை உணவுக்காரர்களும் அதே முன்னோரைத்தான் இழுக்கிறார்கள்.

சமைத்த உணவில் என்ன இருக்கிறது என்பதே நமக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1997இல் சுவீடனில் ஹாலண்ட்சோஸ் என்ற இடத்தில் ரயில் சுரங்கம் தோண்டினார்கள். நீர்க்கசிவை அடைக்க ஊற்றிய பூச்சில் அக்ரிலமைடு என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது, அது ஓடையில் கலந்து மீன்கள் செத்தன, தண்ணீர் குடித்த மாடுகளுக்குக் கால் விழுந்தது. தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சுரங்கத்துப் பக்கமே போகாத ஆட்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அவர்களிடமும் அக்ரிலமைடின் தடம்! புகைபிடிக்காதவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று துருவிக்கொண்டே போய், 2002இல் பதில் வெளியானது: உணவிலிருந்து. உருளைக்கிழங்கிலும் தானியத்திலும் இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், சர்க்கரையோடு ஏறக்குறைய 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அக்ரிலமைடாகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீரில் வேகும் பொருள் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே, முயல்குட்டி, வேகவைத்ததும் பொரித்ததும் ஒன்றல்ல.

5. புள்ளிவிவரப் பேய்

எலி சார், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் பாதியில் நிறுத்தினால் படிப்பவர்கள் பீதியாவார்கள். அக்ரிலமைடு 1994இலேயே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பட்டியலுக்குப் போய்விட்டது, சரி. அது பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளை வைத்து. அந்த விலங்குகளுக்குக் கொடுத்த அளவு நாம் தட்டில் பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரியது. உணவில் அக்ரிலமைடு அதிகம் உண்பவர்களுக்குப் புற்றுநோய் கூடுகிறதா என்று மனிதரிடம் தேடியபோது சீரான தொடர்பு கிடைக்கவில்லை. சிகரெட் பிடிப்பவர் இரத்தத்தில் இதன் தடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஒரு கையில் சிகரெட்டும் மறுகையில் வறுவல் பாக்கெட்டுமாக நின்றுகொண்டு பாக்கெட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

6. முயல்குட்டி

சரி, புற்றுநோய் இருக்கட்டும். குடல் ஓட்டையாவது? நோய் எதிர்ப்பு? அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

7. ஆய்வக எலி

வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அதனால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழுப்புச் சேர்மங்களில் கொஞ்சம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே காத்திருப்பது கோடானுகோடி பாக்டீரியா. ஆகவே "இந்தச் சேர்மம் நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்கிறோம். அங்கே அதைத் தின்ன யார் இருக்கிறார்கள் என்பதும் கேட்கவேண்டும்.

ஃபிரக்டோசைல் லைசின் சொன்னேன் அல்லவா, மெயிலார்டின் முதல் படி. இன்டெஸ்டினிமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா அதைத் தின்று பியூட்டிரேட் தருகிறது என்று 2015இல் காட்டினார்கள். பியூட்டிரேட் என்பது பெருங்குடல் சுவர்ச் செல்களின் முதன்மை எரிபொருள். அது மட்டுமில்லை, 2013இல் அடுத்தடுத்து மூன்று குழுக்கள் எலிகளில் ஒரே திசையைக் காட்டின: நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியா தரும் பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்கள், குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குகின்றன. இந்தச் செல்கள் சண்டைக்கார உயிரணுக்களிடம் "போதும், அடங்கு" என்று சொல்லும் வேலையைச் செய்பவை. காணொளிக்காரர் நஞ்சு என்று திட்டிய குடும்பத்தின் ஒரு உறுப்பினர், சரியான பாக்டீரியாவின் கையில் கிடைத்தால், அழற்சியை அடக்கும் பொருளாக மாறுகிறது. எல்லார் குடலிலும் இந்தப் பாக்டீரியா ஒரே அளவில் இருக்கும் என்று சொல்லமுடியாது, அதுதான் சிக்கல்.

இப்போது மறுபக்கம். முற்றிய ஏ.ஜி.இ. சேர்மங்களைப் பிடிக்கும் ஏற்பி ஒன்று நம் செல்களின் மேல் இருக்கிறது. பெயர் ரேஜ், பெயரிலேயே கோபம். அது தூண்டப்பட்டால் செல்லுக்குள் அழற்சிக்கான மரபணுக்கள் விழிக்கும். மெல்பேர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மெலிண்டா கௌலன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், எலித் தீவனத்தையே சுட்டுப் பழுப்பாக்கி 24 வாரம் கொடுத்தார்கள். குடல் கசிவு கூடியது, நோய் எதிர்ப்பின் காம்ப்ளிமென்ட் என்ற புரத அணி விழித்தது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. உங்கள் காணொளியின் வேர் இந்த மாதிரி ஆய்வாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: நீரிழிவு எலிகளுக்கு, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போகும் மாவுச்சத்தைக் கொடுத்தபோது கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் தணிந்தன. காணொளிக்காரர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை, பயம் விற்கும், மாவுச்சத்து விற்காது.

8. புள்ளிவிவரப் பேய்

எலியைப் பற்றி எலி பேசுகிறது, சரி. மனிதருக்கு வருவோம். ஏ.ஜி.இ. குறைந்த உணவு, கூடிய உணவு இரண்டையும் கொடுத்து ஒப்பிட்ட சோதனைகள் உண்டு. 2016இல் வந்த ஒரு சிறு சோதனையில், எடை கூடிய இருபது பேர், இரண்டே வாரம், ஏ.ஜி.இ. குறைந்த உணவில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 2022இல் நெதர்லாந்திலிருந்து இன்னொன்று, தொப்பை உள்ளவர்கள், நான்கு வாரம். சர்க்கரையைக் கையாள்வதிலும் இரத்தக்குழாயிலும் வித்தியாசமே இல்லை, குடல் பாக்டீரியாவும் பெரிதாக அசையவில்லை. எதை நம்புவது? என்னைக் கேட்டால் இரண்டாவதுக்குத்தான் எடை கொடுப்பேன், ஆனால் நான்கு வாரத்தில் தெரியாதது நாற்பது வருடத்தில் தெரியலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சல். இணையத்தில் சுற்றும் "எந்த உணவில் எவ்வளவு ஏ.ஜி.இ." பட்டியல் 2010இல் வந்தது, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள். அதில் குறிப்பிட்ட மூலக்கூறில் ஒட்டும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தை வைத்து அளந்தார்கள், வெண்ணெயும் எண்ணெயும் உச்சத்தில் நிற்கின்றன. பிறகு மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியை வைத்து அளந்தவர்களுக்குக் கொழுப்புகளில் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வினைக்குப் புரதம் வேண்டும், எண்ணெயில் புரதம் எங்கே இருக்கிறது? பட்டியலை அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டியிருப்பவர்கள் கிழித்துவிடலாம்.

9. மஞ்சள்கரு

உங்கள் இருவர் சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகனுக்கு ஐந்து வயது, முட்டை ஒவ்வாமை, வேர்க்கடலை ஒவ்வாமை இரண்டும் உண்டு. மருத்துவர் கண்காணிப்பில் கேக்கில் கலந்து நன்றாக வெந்த முட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அரைவேக்காட்டு முட்டையை ஒரு தடவை தெரியாமல் நக்கியதற்கே முகம் வீங்கியவன் அவன். அப்படியானால் சூடு ஒவ்வாமையைக் குறைக்கிறதா? வேர்க்கடலையையும் நன்றாக வறுத்துக் கொடுக்கலாமா என்று மாமியார் கேட்கிறார்.

10. ஆய்வக எலி

வேண்டாம் அம்மா! மாமியாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேர்க்கடலையில் கதை தலைகீழ்.

ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் பெரும்பாலும் புரதத்தின் வடிவத்தைத்தான் அடையாளம் காண்கிறது. முட்டைப் புரதம் நீண்ட நேரச் சூட்டில் சுருள் அவிழ்ந்து, மாவோடும் பின்னிக்கொள்கிறது, அதனால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலர் அதைத் தாங்குகிறார்கள். வேர்க்கடலையை வறுக்கும்போது மெயிலார்ட் வினை நடந்து, முக்கிய ஒவ்வாமைப் புரதங்கள் சர்க்கரையோடு பிணைந்து இறுகுகின்றன, செரிமான நொதிகளுக்குச் சீக்கிரம் மசியாது, ஐஜிஇ எதிர்ப்பொருளும் அதை இன்னும் வலுவாகப் பிடிக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அவித்த கடலைக்கு இந்த வீரியம் குறைவு, புரதத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடுவதும் ஒரு காரணம். குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. வறுத்தது, அவித்தது எதையுமே வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். கேக் சோதனையை மருத்துவமனையில் வைத்துச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது.

11. புகையும் நானும்

வாரம் ஒருமுறை கரியடுப்பில் இறைச்சி சுடுகிறவன் நான். கொழுப்பு சொட்டி, புகை எழும்பி, அந்த வாசனை இருக்கிறதே! எனக்கும் ஏதாவது கெட்ட செய்தி வைத்திருப்பீர்களே.

12. ஆய்வக எலி

இருக்கிறது. அக்ரிலமைடைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் விஷயம்தான்.

1970களில் ஜப்பானில் தகாஷி சுகிமுரா சுட்ட மீனின் புகையையும் கருகிய தோலையும் எடுத்துச் சோதித்தபோது மரபணுவை மாற்றும் பொருட்கள் அகப்பட்டன. ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள். தசையில் உள்ள கிரியேட்டின் இதற்கு வேண்டும், அதனால் இறைச்சியிலும் மீனிலும்தான் இவை கணிசமாக வரும், காயில் வராது. கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகையில் பென்சோபைரீன் வருகிறது, அது அதே முகமையின் முதல் பட்டியல், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி.

இதிலும் குடல் பாக்டீரியா கை வைக்கிறது. இந்த அமீன்களில் ஒன்றை, பி.எச்.ஐ.பி. என்பார்கள், சில பாக்டீரியா கிளிசராலின் உதவியோடு வேறொரு பொருளாக மாற்றிக் கட்டிப்போடுகின்றன. நல்லது செய்கிறவையும் உண்டு, கல்லீரல் பொட்டலம் கட்டி அனுப்பியதை அவிழ்த்துவிடுகிறவையும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. குடல் சுவரில் ஏ.எச்.ஆர். என்று ஓர் ஏற்பி. முட்டைக்கோஸ், புரோக்கோலி குடும்பத்துக் காய்களிலிருந்து வரும் பொருட்கள் வயிற்றில் மாறி அதைத் தட்டுகின்றன. அந்தத் தட்டல் கிடைக்காத எலிகளுக்குக் குடல் சுவரைக் காக்கும் லிம்போசைட்டுகள் என்ற நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் குறைந்துபோனதை 2011இல் கண்டார்கள். பென்சோபைரீன் தட்டுவதும் அதே கதவைத்தான்! காய் மெதுவாகத் தட்டிவிட்டுப் போகும், கரிப்புகை உள்ளே வந்து மரபணுவில் ஒட்டிக்கொள்ளும்.

நிறுத்தச் சொல்லவில்லை. சுடும் முன் எலுமிச்சை, பூண்டு, ரோஸ்மேரி போட்டு ஊறவையுங்கள், அமீன் குறைகிறது. அடிக்கடி திருப்பிப் போடுங்கள். இரண்டு நிமிடம் மைக்ரோவேவில் வைத்து, வடியும் சாற்றைக் கொட்டிவிட்டுச் சுட்டால் பெருமளவு குறையும், அமீன் உருவாகத் தேவையான சரக்கு அந்தச் சாற்றோடு போய்விடுகிறது. கருகியதை வெட்டி எறியுங்கள்.

13. புகையும் நானும்

மைக்ரோவேவில் வைத்த இறைச்சியைக் கரியில் சுடுவதா? என் அப்பா எழுந்து வந்து அடிப்பார். ஊறவைப்பது சரி.

14. புள்ளிவிவரப் பேய்

முயல்குட்டி, ஒரு சந்தேகம். முளைகட்டிய பயறு என்றீர்கள், என்ன பயறு?

15. முயல்குட்டி

பச்சைப்பயறுதான் முதலில். அது சலித்துப்போய் மூன்று வாரமாக ராஜ்மா. ஊறவைத்து, முளை விட்டதும் அப்படியே சாலட்டில். ஏன்?

16. புள்ளிவிவரப் பேய்

அடக் கடவுளே. உடனே நிறுத்துங்கள்.

பச்சை ராஜ்மாவில், அதிலும் சிவப்பில், ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் ஏராளம். அது நேராகக் குடல் சுவர்ச் செல்களில் ஒட்டும். நாலைந்து விதைகள் போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. முளைகட்டினால் போய்விடும் என்று நம்பமுடியாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். மெதுவாக வேகும் மின்பாத்திரத்தில் கொதி வராமல் 80 டிகிரியில் நின்றால் பச்சையைவிட மோசம். குடலைக் காப்பாற்ற அடுப்பை அணைத்தீர்கள், உங்கள் குடலை நோகடித்த பொருளை அடக்கியிருக்கக்கூடியது அந்த அடுப்புதான்.

ராத்திரிச் சாப்பாட்டில்தானே அந்த சாலட்?

17. முயல்குட்டி

ஆமாம். இரண்டு தடவையும் அன்றைக்குத்தான் கிண்ணம் நிறையச் சாப்பிட்டேன். மற்ற நாட்களில் சும்மா தூவிக்கொள்வேன். எனக்கு இப்போது அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

வயிற்று உப்பசமும் அதனால்தானா?

18. ஆய்வக எலி

பேய்க்கு ஒரு கும்பிடு. எனக்கு இது தோன்றவே இல்லை.

உப்பசத்துக்கு ராஜ்மா மட்டும் காரணமாக இருக்காது. 2019இல் ரேச்சல் கார்மோடி குழுவினர் எலிகளுக்கு ஒரே உணவைப் பச்சையாகவும் சமைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இறைச்சியில் குடல் பாக்டீரியாவுக்குக் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கு போன்ற தாவர உணவில் பெரிய மாற்றம். பச்சை மாவுச்சத்து சிறுகுடலில் உடையாமல் பெருங்குடலுக்குப் போகிறது, கூடவே பாக்டீரியாவை அடிக்கும் தாவரப் பொருட்களும் சூட்டில் அழியாமல் போகின்றன. சில பேரை மூன்று நாள் பச்சை, மூன்று நாள் சமைத்தது என்று சாப்பிடவைத்தபோது அவர்கள் பாக்டீரியாவும் அசைந்தது. நீங்கள் ஆறு வாரம் மொத்தமாகத் தலைகீழாக மாற்றியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா, வாயு வரத்தான் செய்யும்.

வேகவைத்ததிலிருந்து தொடங்குங்கள். உருளைக்கிழங்கையோ சோற்றையோ சமைத்து, குளிர்பெட்டியில் ஆறவைத்துச் சாப்பிட்டால் கொஞ்சம் மாவுச்சத்து இறுகிச் செரிக்காத வகையாகிறது, முன்னே சொன்ன நீரிழிவு எலிகளுக்கு உதவிய அதே ரகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் உறவுக்காரன். சமைக்காத உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் அதன் சர்க்கரை ஏறும், பொரித்தால் அக்ரிலமைடு கூடலாம். ஒரே பெட்டி, சமைத்ததற்கு நல்லது, சமைக்காததற்குக் கெட்டது, பலபேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

19. சும்மா வந்தேன்

காபி? யாரும் காபியைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறீர்கள்.

20. ஆய்வக எலி

காபியிலும் அக்ரிலமைடு உண்டு. ஆனால் வறுப்பின் தொடக்கத்தில் ஏறி, வறுக்க வறுக்க உடைந்து இறங்குகிறது, அதனால் கருக வறுத்த கொட்டையில் இளம் வறுப்பைவிடக் குறைவு. உருளைக்கிழங்கில் நாம் நிறுத்தும் கட்டத்தில் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். காபியின் பழுப்பு மெலனாய்டின்கள் பெருங்குடலில் ஏறக்குறைய நார்ச்சத்து மாதிரி புளிக்கின்றன. குடியுங்கள்.

21. முயல்குட்டி

பதினேழு நாள் கழித்து வருகிறேன். ராஜ்மாவை விட்ட பிறகு வாந்தி இல்லை. உப்பசம் முக்கால்வாசி போயிற்று. மருத்துவரைப் பார்த்தேன், மூட்டுவலிக்கு இரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார், முடிவு வரவேண்டும். அவர் வாய்ப்புண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார், இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கவேண்டும் என்றார். ஒரு வருடமாக நான் அதை வெறும் சூடு என்று நினைத்திருந்தேன்.

நேற்று முட்டைக்கோஸை லேசாக வதக்கி, உருளைக்கிழங்கை அவித்துச் சாப்பிட்டேன். அக்கா இரண்டு நாளாகப் பேசவில்லை. அவள் வீட்டிலும் ஒரு ஜாடி ராஜ்மா முளைவிட்டுக்கொண்டிருந்தது, பேசாமலேயே எடுத்துக் கொட்டிவிட்டாளாம், அத்தான் சொன்னார்.